மேலே பார்த்த மஞ்சள் கோடு

அத்தியாயம் 6

“லெட்டர்ல ஒருத்தர்னுதான் போட்டிருக்கு. நீங்க ரெண்டு பேர் வந்திருக்கீங்க” என்றார் காகித ஆலையின் வாசல் காவலர். அவர் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“என்னை ஆளாவே கணக்குல எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுலயே எடுத்துக்கறதில்லை” என்றான் ஒட்டடை.

ஆறடி மூன்றங்குலம் உயரம். அந்த உயரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒல்லி. பள்ளிக்கூடத்தில் வைத்த ‘ஒட்டடைக்குச்சி’ என்ற பட்டம் இந்த முப்பத்தாறு வயதுக்குள் தேய்ந்து வெறும் ஒட்டடை ஆகியிருந்தது. பக்கத்தில் அவன் தோளுக்குக் கீழே நின்றவள் அவனுடைய அண்ணி. சுற்றுகிற இயந்திரம் எதுவானாலும் அதன் நடுக்கத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவாள் என்பதால் ஆலைகளில் அவளுக்கு நாடியம்மா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் உண்டு. அவற்றை அச்சில் போட முடியாது.

காவலர் கேட்டைத் திறப்பதற்குள் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்து நாடியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்ஷூரன்ஸ்ல அனுப்பினவங்க நீங்கதானே? நான் ஃபிட்டரோட சம்சாரம். என் புருஷனை இன்னிக்குக் காலையிலேருந்து உள்ள பூட்டி வெச்சிருக்காங்க. நாலு மணிக்குப் போலீஸ் வருதாம்.”

“தெரியும்மா. நீ சொல்ல வேண்டியது என்ன?”

“என்னத்தச் சொல்ல? ஆஸ்பத்திரியில என் தம்பி ஒரு கால் இல்லாம கிடக்கான். என் அண்ணன் இதே மில்லுல ஆயில்மேன். அவன் என் வாசப்படியை மிதிக்க மாட்டேங்கிறான். ‘உன் புருஷன்தான் தம்பி காலை எடுத்தான்’னு நடுத்தெருவுல நின்னு கத்துறான்.”

“உன் புருஷன் என்ன சொல்றாரு?”

“அஞ்சு நாளா வாயே திறக்கலைங்க. நான் செய்யலைன்னு என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலை.” அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த மனுஷன் எறும்பைக்கூட ஒதுக்கிவிட்டுட்டு நடக்கிறவரு. ஆனா அஞ்சு நாள் பேசாம இருந்தா நான் என்னன்னு நினைக்கிறது?”

நாடியம்மா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். யாருக்கும் முன்கூட்டி ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளிடம் கிடையாது. ஒட்டடைக்கு அது பிடிக்காது, ஆனால் பல தடவை அதுதான் சரியாக இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். கொதிகலனின் புகையை இழுக்க அந்த ஆலையில் இரண்டு ராட்சச விசிறிகள். ஒன்று ஓடும், மற்றது அவசரத்துக்கு நிற்கும். பதினொரு மாதம் சும்மா நின்ற இரண்டாம் நம்பர் விசிறியை ஐந்து நாள் முன்பு ஓட்டினார்கள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் அது குலுங்கிக் குலுங்கிப் போல்ட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு உடைந்தது. பறந்த இரும்பு, அந்தப் பக்கமாக நடந்து போன ஃபிட்டரின் இளைய மைத்துனனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டது. விசிறியைக் கடைசியாகத் தொட்டது ஃபிட்டர். பழி அவர் தலையில் விழுந்தது.

* * *

மேனேஜருக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் ஸ்கேல். மேஜையைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. பேனாக்கள் உயர வரிசையில் படுத்திருந்தன. பேப்பர் வெயிட்டுகூட மேஜையின் ஓரத்துக்கு இணையாக உட்கார்ந்திருந்தது.

“இதோ ஃபார்ம். காரணம்ங்கிற இடத்துல நாசவேலைன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. டீ குடிச்சுட்டுக் கிளம்பிடலாம்” என்றார் ஸ்கேல்.

“டீ எங்க சார்?” என்றான் ஒட்டடை.

ஸ்கேல் அவனைப் பார்க்கவே இல்லை. இழுப்பறையிலிருந்து உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். “விசிறிச் சக்கரத்துல எடை சமமா இருக்கணும்னு சின்னச் சின்னத் தகடு வெச்சு போல்ட் போட்டிருப்பாங்க. அதுல ஒண்ணு இது. அவன் டூல் பாக்ஸ்ல இருந்துச்சு. கழட்டிட்டான். சக்கரம் ஒரு பக்கம் கனமாச்சு, ஆட்டம் எடுத்துச்சு, உடைஞ்சுது. போன மாசம் என்னைப் பத்தி மேலிடத்துக்குப் பெட்டிஷன் எழுதினவன். வேற என்ன வேணும்?”

நாடியம்மா தகட்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். விரலை ஸ்கேலின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“என் விரல்ல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லை.”

“கொதிகலன் புகையை வருஷக்கணக்கா குடிச்ச விசிறிக்குள்ள இருந்த தகடு. ஒரு பொட்டு கரி ஒட்டலை.”

“கழுவியிருப்பான்.”

“ஓட்டைக்குள்ளயும் கழுவினாரா? நட்டு அழுத்தின தழும்பைக்கூடக் கழுவினாரா? இது கடையில வாங்கின புதுத் தகடு. எல்லா ஃபிட்டர் பெட்டியிலும் நாலு கிடக்கும்.”

ஸ்கேலின் காது சிவந்தது. “சரி, அதை விடுங்க. மறுநாள் காலையில மண்ணெண்ணெய்த் துணியோட உடைஞ்ச விசிறிகிட்ட உக்காந்து துடைச்சுக்கிட்டு இருந்தான். கையும் களவுமா நானே பிடிச்சேன். தடயத்தை அழிக்காம வேற என்ன பண்ணினான்? துண்டு துண்டா கிடக்குற மெஷினுக்குப் பாலிஷ் போட்டானா?”

நாடியம்மா எழுந்துகொண்டாள். “இப்பதான் சார் நீங்க எனக்குப் பிரயோஜனமா ஒரு விஷயம் சொல்லியிருக்கீங்க.”

“நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். அதுக்கு மேல நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது.”

“இப்பவே தெரியலையே சார்” என்றான் ஒட்டடை, கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்துகொண்டே.

* * *

கன்ட்ரோல் ரூம் ஆப்பரேட்டர் அவர்களுக்கு நாற்காலி கொடுக்கவில்லை. பதிவைக் காட்டச் சொன்னபோது கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்றார், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றார். நாடியம்மா நின்றபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு நிமிடத்தில் அவருக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் வந்துவிட்டது.

திரையில் ஒரு பச்சைக் கோடு எழுந்தது. இரண்டாம் நம்பர் விசிறியின் ஷாஃப்ட், அதாவது சக்கரத்தைத் தாங்கும் நீண்ட இரும்புத் தண்டு, எவ்வளவு ஆடியது என்று பக்கத்திலேயே இருந்த சென்சார் நிமிடத்துக்கு நிமிடம் எழுதி வைத்திருந்தது.

“முதல்ல எப்படி ஓட்டுவீங்க?”

“பத்து நிமிஷம் மெதுவா உருட்டுவோம். அப்புறம்தான் வேகம் ஏத்துவோம்” என்றார் ஆப்பரேட்டர், அரைமனதாக.

நாடியம்மா அந்தப் பத்து நிமிடத்தின் மேல் விரலை வைத்தாள். கோடு தரையில் படுத்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால் அங்கேயே ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நின்றது.

“ஒட்டடை, நம்ம வீட்டுல துணி துவைக்கிற மெஷின்ல எல்லாத் துணியும் ஒரே பக்கம் சேர்ந்துட்டா என்ன ஆகும்?”

“மெஷின் ஹாலுக்கு வந்து டி.வி. பார்க்கும் அண்ணி.”

“எப்போ வரும்?”

“கடைசியில பிழியறப்போ. மெதுவா சுத்துற வரைக்கும் சாதுவாத்தான் இருக்கும்.”

“சைக்கிள் ரிம் வளைஞ்சிருந்தா?”

“தலைகீழா நிறுத்திக் கையால தள்ளினாக்கூட கோணிக்கிட்டுத்தான் சுத்தும்.” சொல்லி முடித்த பிறகுதான் ஒட்டடைக்குத் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. “அண்ணி! எடையைக் கழட்டியிருந்தா மெதுவா உருட்டறப்போ ஆட்டம் இருந்திருக்காது. வேகம் எடுத்தாத்தான் தெரியும். இது முதல் சுத்துலேயே ஆடியிருக்கு.”

“அப்போ விசிறி உடையும்போது ஷாஃப்ட் வளையலை. ஷாஃப்ட் வளைஞ்சதாலதான் விசிறி உடைஞ்சுது. ஓட்டுறதுக்கு முன்னாடியே அது கோணல்.” அவள் ஆப்பரேட்டர் பக்கம் திரும்பினாள். “அலாரம் அடிச்சிருக்குமே?”

“அடிச்சுது.”

“என்ன பண்ணினீங்க?”

“அமுத்திட்டோம்.”

“யார் சொல்லி?”

ஆப்பரேட்டர் தலையை நிமிர்த்தினார். கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேல் ஸ்கேலின் அறை.

* * *

விசிறிக் கூடத்தில் முதல் நம்பர் ஓடிக்கொண்டிருந்த இரைச்சலில் பேசினால் கேட்காது, கத்தத்தான் வேண்டும். அவர்கள் ஏற வேண்டிய ஏணியை யாரோ எடுத்து ஒளித்திருந்தார்கள். ஒட்டடை ஒரு எண்ணெய்ப் பீப்பாயை உருட்டி வந்து அதன் மேல் ஏறி அண்ணிக்குக் கை கொடுத்தான். மூலையில் நின்ற நான்கு பேர் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள்.

உடைந்த விசிறியின் ஷாஃப்ட் மட்டும் தாங்கிகளின் மேல் முழுசாகக் கிடந்தது. நாடியம்மா வளைவை அளக்கும் டயல் கேஜை அதன் மேல் பொருத்தப் போனவள் அப்படியே நின்றாள்.

“நமக்கு முன்னாடி யாரோ அளந்திருக்காங்க.”

ஷாஃப்ட்டைச் சுற்றி எட்டு இடத்தில் சாக்குக்கட்டியால் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண். கவனமான, சீரான கையெழுத்து. அவள் தானும் ஒருமுறை அளந்து பார்த்தாள். எண்கள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. ஷாஃப்ட் ஒரே பக்கமாகத் தொய்ந்திருந்தது.

“நாசவேலை செஞ்சவன் எதுக்கு அண்ணி அளந்து பார்க்கணும்? செஞ்சதுக்கு மார்க் போட்டுக்கவா?”

“அளந்தது ஃபிட்டர். மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சதும் அவர்தான். இவ்வளவு கரியிலயும் கிரீஸிலயும் அவர் துடைச்சது எங்கேன்னு பாரு.”

தேட வேண்டியிருக்கவில்லை. அழுக்கு ஷாஃப்ட்டில் ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம், பளிச்சென்று இருந்தது. ஒட்டடை கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தான். இரும்பின் கீறல்களுக்குள் துடைப்புக்குத் தப்பிய மஞ்சள் தெரிந்தது.

“பெயின்ட்” என்றான். “ஒரு மஞ்சள் கோடு இருந்திருக்கு. போலீஸ் வரப்போகுது, தகடு கிடக்கு, போல்ட் கிடக்கு. எதையும் தொடாம ஒரு பெயின்ட் கோட்டை மட்டும் எதுக்குத் துடைக்கணும்?”

நாடியம்மா கேஜைப் பார்த்தாள். தொய்வு இருந்த இடம், அழிக்கப்பட்ட கோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம். அவள் முகம் இறுகியது.

அப்போது எண்ணெய்த் துணிச் சுருணை ஒன்று பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது.

“யாரைக் காப்பாத்த வந்திருக்கீங்க?” எறிந்தவர் கீழே நின்றார். நரைத்த மீசை, இடுப்பில் எண்ணெய்க் குப்பி. ஆயில்மேன். வாசலில் அழுதவளின் அண்ணன். “என் தம்பிக்கு இருபத்தெட்டு வயசு. நேத்து டிரஸ்ஸிங் மாத்தறப்போ போர்வைக்குள்ள காலைத் தேடினான். அதைப் போய்ப் பார்த்துட்டு வந்து அளங்க!”

“ஐயா, நாங்க யார் பக்கமும் இல்லை.”

“பக்கம் இல்லாதவங்க எதுக்குப் பீப்பாய் மேல ஏறி நிக்கிறீங்க? பதினொரு மாசம் இந்த விசிறியை நான் குழந்தை மாதிரிப் பார்த்துக்கிட்டேன். வாராவாரம் கையால சுத்தி விட்டேன். என் கையில இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சு. அவன் கை பட்டதும் போச்சு!”

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். மூலையில் நின்ற நால்வரும் பின்னாலேயே போனார்கள். ஒட்டடைக்கு ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை. கண் போன போக்கில் சுவரோரம் வரிசையாக நின்ற பம்புகளைப் பார்த்தான். எல்லாம் அவசரத்துக்கென நிறுத்தி வைத்தவை.

“அண்ணி, இதைப் பாருங்க. ஒவ்வொரு பம்பிலயும் ஷாஃப்ட் மேல மஞ்சள் கோடு. பன்னிரண்டும் ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது. பள்ளிக்கூடத்துல பிரேயருக்கு நிறுத்தின மாதிரி.”

நாடியம்மா பன்னிரண்டையும் பார்த்தாள். பிறகு சட்டென்று பீப்பாயிலிருந்து இறங்கினாள். “மணி என்ன?”

“மூணு இருபது.”

“டைம் ஆபீஸுக்கு வா. ஃபிட்டரை அங்கதான் வெச்சிருக்காங்க.”

* * *

டைம் ஆபீஸில் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு காவலர். உள்ளே ஸ்டூலில் ஃபிட்டர். ஐந்து நாள் தாடி. நாடியம்மாவைப் பார்த்து எழுந்து நின்றார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டார்.

“உங்க அளவு சரியா இருக்கு. நானும் அளந்தேன்” என்றாள் நாடியம்மா.

ஃபிட்டர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு கேள்வி. அந்த மஞ்சள் கோடு, விசிறி நின்னுக்கிட்டிருந்த பதினொரு மாசமும் மேல பார்த்துக்கிட்டே இருந்துச்சா?”

ஐந்து நாளாகத் திறக்காத ஃபிட்டரின் வாய் திறந்தது. “நீங்க போயிடுங்க.”

“எனக்கு ஒண்ணும் புரியலை. ஒரு கோடு மேல பார்த்தா என்ன, கீழ பார்த்தா என்ன?” என்றான் ஒட்டடை.

“நடுவுல நாலு டன் சக்கரம். ரெண்டு பக்கம் மட்டும் தாங்கல். போதாததுக்குப் பக்கத்து விசிறியிலேருந்து கசியிற சூடு. நின்ன இடத்திலேயே நின்னா அந்த ஷாஃப்ட் துணி காயப்போட்ட கம்பி மாதிரி நடுவுல தொய்யும். அதுக்குத்தான் வாராவாரம் கையால சுத்தி விடறது. ஒரு வாரம் கோடு மேல, மறுவாரம் கீழ. அப்பதான் ரெண்டு பக்கமும் மாறி மாறிச் சுமக்கும்.” அவள் நிறுத்தினாள். “முழுச் சுத்து சுத்தி, கோட்டை மறுபடி மேலேயே கொண்டாந்து விட்டா?”

“சுத்தாம இருந்ததும் அதுவும் ஒண்ணுதான்…” ஒட்டடையின் குரல் இறங்கியது. “வாராவாரம் சுத்தினது ஆயில்மேன்.”

“மெதுவாப் பேசுங்க!” ஃபிட்டர் பாய்ந்து வந்து ஒட்டடையின் சட்டையைப் பிடித்தார். கண்ணில் நீர் தளும்பியது. “மச்சானுக்கு இது தெரியக்கூடாது. அவர் கல்யாணம்கூடப் பண்ணிக்கலை. அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தன் கையாலேயே தம்பி காலை எடுத்தோம்னு தெரிஞ்சா அவர் உயிரோட இருக்க மாட்டார். நான் ஜெயிலுக்குப் போறேன். போனா திரும்பி வந்துடலாம். அவர் உயிரை விட்டுட்டா திரும்பி வர முடியாதும்மா.”

“உங்க சம்சாரம் கேட்டுல நிக்கிறாங்க.”

“தெரியும். ஜன்னல் வழியா தெரியுது.”

ஒட்டடை சட்டையைச் சரிசெய்துகொண்டான். அண்ணி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் அந்த ஜன்னலருகே போய்க் கேட்டைப் பார்த்தாள். பிறகு, “அவர் பேரு வராம சொல்ல முடியுமான்னு பார்க்கிறேன். பொய் எழுத மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

* * *

நான்கு மணிக்கு ஸ்கேலின் அறையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். டீ இப்போது வந்திருந்தது, இரண்டே கோப்பை. ஃபிட்டரைக் கொண்டுவந்து சுவரோரம் நிறுத்தினார்கள்.

நாடியம்மா பச்சைக் கோட்டின் பிரதியை மேஜையில் வைத்தாள். “எடை கழட்டப்படலை. ஷாஃப்ட் முன்னாடியே வளைஞ்சிருந்தது. நின்ன இடத்தில தொய்ஞ்சிருக்கு. மில்லோட நடைமுறையில கோளாறு. தனி ஆள் யார் மேலயும் குற்றம் இல்லை. ஃபிட்டரை விட்டுடலாம்.”

“நடைமுறையா?” ஸ்கேல் சிரித்தார். “இன்ஸ்பெக்டர் சார், இங்க வாராவாரம் ஷாஃப்ட்டைச் சுத்தறதுக்கு ரெஜிஸ்டரே இருக்கு. சாட்சியும் இருக்கு, அடிபட்ட பையனோட சொந்த அண்ணன். கூப்பிட்டுக் கேட்டுடுவோம்.”

“அவரைக் கூப்பிடாதீங்க” என்றாள் நாடியம்மா.

அண்ணி கெஞ்சி ஒட்டடை கேட்டதே இல்லை. இப்போது அது கெஞ்சல்தான். ஸ்கேலுக்கும் அது தெரிந்துவிட்டது. வலிக்கிற இடம் கையில் சிக்கிவிட்ட சந்தோஷத்தில் மணியை அழுத்தினார்.

ஆயில்மேன் வந்தார். மாப்பிள்ளையின் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துத்தான் பேசினார்.

“ஒரு வாரம் தவறினது இல்லைங்க. திங்கக்கிழமை வந்ததும் கம்பியைக் கோத்து முழு ஒரு சுத்து. மஞ்சள் கோடு திரும்ப மேல வந்து நிக்கிற வரைக்கும் விட மாட்டேன். காய்ச்சலோடகூட செஞ்சிருக்கேன்.”

“எப்பவும் மேலதானா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“முன்னாடி அப்படி இல்லை. ஒரு வாரம் மேல, ஒரு வாரம் கீழன்னு விடுவோம். மேனேஜர் சார் வந்தப்புறம் ஒரு தடவை ரவுண்ட்ஸ்ல கோடு கீழ இருக்கறதைப் பார்த்துட்டு, நான் வேலையே செய்யலைன்னு எல்லார் முன்னாடியும் திட்டினார். அப்புறம் ஆர்டரே போட்டுட்டார்.” சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பெருமையாக விரித்தார். “இதோ. எல்லா மெஷின்லயும் மஞ்சள் கோடு மேல் நோக்கியே நிற்க வேண்டும், தவறினால் நடவடிக்கை. கீழ சாரோட கையெழுத்து. அதிலேருந்து ஒரு நாள் மாறலைங்க.”

ஸ்கேலின் முகம் மெல்ல வெளுத்தது. அவர் விவரம் தெரியாதவர் இல்லை. படித்த இன்ஜினீயர்தான், இப்போதுதான் யோசித்தார்.

“அதை இங்க குடு” என்று எட்டிக் காகிதத்தைப் பறிக்கப் போனார். அதற்குள் ஒட்டடை அதை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிவிட்டான். ஸ்கேல் ஒருமுறை எம்பினார். மறுமுறையும் எம்பினார்.

“நாற்காலி போட்டுக்கங்க சார்” என்றான் ஒட்டடை. பிறகு காகிதத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தான்.

ஆயில்மேன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “என்ன ஆச்சு? நான் தப்பா ஏதாவது சொல்லிட்டேனா?”

ஃபிட்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருபது வருஷம் மெஷினோடு புழங்கிய மனிதர் ஆயில்மேன். மேஜை மேலிருந்த பச்சைக் கோட்டை ஒருமுறை பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

“முழுச் சுத்து…” என்றார். “மேலேயே நிறுத்தினா, கீழ்ப்பக்கம் கீழ்ப்பக்கமாவே இருக்கும்.” நாடியம்மாவிடம் திரும்பினார். “அம்மா, நீங்க சொல்லுங்க. ஷாஃப்ட் எந்தப் பக்கம் தொய்ஞ்சிருக்கு?”

நாடியம்மாவுக்கு அந்த ஒரு நொடியில் பொய் சொல்ல ஆசையாக இருந்திருக்க வேண்டும். ஒட்டடை பார்த்துக்கொண்டே இருந்தான்.

“கோட்டுக்கு எதிர்ப்பக்கம்” என்றாள்.

ஆயில்மேன் தலையை ஆட்டினார். கணக்கு சரியாக வந்துவிட்ட ஆளைப் போல நிதானமாக ஆட்டினார். “அப்போ என் தம்பி காலை எடுத்தது நான்.”

“இல்லை. உங்களுக்குத் தெரிஞ்ச சரியான முறையை மாத்தச் சொல்லி ஆர்டர் போட்டது இவர். அலாரம் அடிச்சப்போ அமுத்தச் சொன்னதும் இவர்தான். அதை நான் எழுதிக் கையெழுத்து போடுவேன்.”

“எழுதுங்கம்மா. ஆனா கம்பியைப் பிடிச்ச கை என்னுது.” அவர் சுவரைப் பார்த்து நின்ற முதுகிடம் போனார். “மாப்பிள்ளை. உனக்கு முன்னாடியே தெரியுமா?”

ஃபிட்டர் திரும்பவில்லை. தோள் குலுங்கியது.

“அந்தக் கோட்டைத் துடைச்சது இதுக்குத்தானா? நான் உன்னை நடுத்தெருவுல நிறுத்தி என்னென்ன பேசினேன். உன் பொண்டாட்டி முன்னாடி, உன் புள்ளைங்க முன்னாடி. அப்பவும் வாயை மூடிக்கிட்டு நின்னியேடா.”

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார். மேஜையின் ஓரத்துக்குக் கோணலாகத்தான் வைத்தார். “மேனேஜர் சார், நீங்க உக்காருங்க. அலாரத்துலேருந்து ஆரம்பிப்போம். ஃபிட்டர், நீங்க போகலாம்.”

ஆயில்மேன் கதவுவரை போனார். பிடியில் கை வைத்தவருக்கு அதைத் திருப்ப முடியவில்லை.

“தம்பிகிட்ட யாரும் போன்ல சொல்லிடாதீங்க. என் வாயால அவன் கேக்கணும். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறேன்.” அவர் திரும்பாமலே நின்றார். “மாப்பிள்ளை, நீயும் கூட வர்றியா? தனியாச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.”

ஃபிட்டர் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வந்து, அவர் கைக்கு மேல் தன் கையை வைத்துக் கதவைத் திறந்தார்.

“வாங்க மச்சான். நான் ஆரம்பிக்கிறேன்.”